நம் 'இல்' ஒன்றுக்கு அவர்களிடம் மூன்று: ப்ரிபொசிஷன் பற்றி

கேள்வி: ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். நேரில் பேசினால் விருந்தினர்களுக்குப் புரிந்துவிடுகிறது. மெயில் எழுதினால்தான் மேனேஜர் இன், ஆன், அட், டு எல்லாவற்றையும் சுழித்துத் திருப்பித் தருகிறார். ப்ரிபொசிஷன் என்றால் என்ன, எது எங்கே வரும்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா?

பதில்: பாதிக்கு மனப்பாடம் தேவையில்லை. மீதிப் பாதிக்கு மனப்பாடம் தவிர வேறு வழி இல்லை. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லாமல் பள்ளியில் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொடுத்துவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். நான் சேலத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய பெரிய வார்த்தையெல்லாம் அவர்களுக்குச் சரளமாக வந்துவிடும். இடிபடுவது இந்த இரண்டெழுத்துச் சொற்களில்தான்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். தமிழில் 'முன்னிடைச்சொல்' என்பார்கள். பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கும் வாக்கியத்தில் உள்ள வேறொரு சொல்லுக்கும் என்ன உறவு என்று காட்டுகிற சொல். 'தி கீ இஸ் ஆன் தி டேபிள்' என்பதில் 'ஆன்' என்பதை எடுத்துவிட்டால் சாவிக்கும் மேசைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இதே வேலையை நம் மொழியில் வேற்றுமை உருபு செய்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தோமே, அதுதான். 'சாவி மேசையில் இருக்கிறது.' நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் தனியாக வைக்கிறார்கள். ஒட்டாமல் தனியாக நிற்கிற மேல், உடன், கொண்டு, பற்றி போன்றவையும் நம்மிடம் உண்டு. அவற்றுக்குச் சொல்லுருபு என்று பெயர். அவையும் பெயருக்குப் பின்னால்தான் வரும்.

உருபு சேர்ந்தால் 'நான்' என்பது 'என்' ஆகிவிடும் இல்லையா? 'நானோடு வா' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் 'ஐ' வராது, 'மீ' வரும். 'ஹி' வராது, 'ஹிம்' வரும். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று ஸ்டைலாகச் சொல்கிறவர்களைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே இலக்கணம்.

ஆங்கிலம் ஏன் இவ்வளவு வேலையை இந்தச் சொற்கள் தலையில் கட்டியது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் விகுதி ஒட்டினார்கள். கல் என்றால் 'ஸ்டான்', கல்லினுடைய என்றால் 'ஸ்டானெஸ்', கல்லுக்கு என்றால் 'ஸ்டானே'. ப்ரிபொசிஷனும் அப்போதே இருந்தது, ஆனால் பாதிச் சுமையை விகுதி சுமந்தது. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த விகுதிகள் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்துபோயின. 'ஸ்டானெஸ்' கடைசியில் இருந்த 'ஸ்' மட்டும் இன்றைக்கும் 'மேனேஜர்ஸ் ரூம்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் டு, ஆஃப், வித், பை ஆகியவற்றின் பொறுப்பாகிவிட்டது. 'டு' ஒன்றுக்கே அகராதியில் அத்தனை அர்த்தம் இருப்பது அதனால்தான்.

சரி, உங்கள் மேனேஜர் சுழிக்கிற இடத்துக்கு வருவோம். சேலத்தில் இருக்கிறேன், சுவரில் மாட்டினேன், ஐந்து ரோட்டில் நிற்கிறேன், பஸ்ஸில் வந்தேன், காலையில் வந்தேன். ஐந்துக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் இன் சேலம், ஆன் தி வால், அட் ஃபைவ் ரோட்ஸ், பை பஸ், இன் தி மார்னிங். நமக்கு ஒன்றாகத் தெரிவதை அவர்கள் பிரிக்கிறார்கள். தமிழுக்குப் பிரிக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நன்னூல் இடப்பொருளுக்கு மட்டும் 28 உருபுகளை அடுக்குகிறது. மேல், கீழ், முன், பின், உள், புறம் எல்லாம் அதில் உண்டு. பேச்சில் 'ல' வந்து அத்தனையையும் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே 'இல்' என்றால் 'இன்' என்று மாற்றி எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, பேசுகிறவர் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கேளுங்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்த்தால் 'அட்'. ஒரு பரப்பாகவோ கோடாகவோ பார்த்து, அதைத் தொட்டுக்கொண்டு இருப்பதாகச் சொன்னால் 'ஆன்'. நாலு பக்கமும் சூழ்ந்த ஒன்றாகப் பார்த்தால் 'இன்'. இடம் பெரியதா சிறியதா என்பது இல்லை, பார்வைதான் முக்கியம். சேலத்தில் குடியிருந்தால் 'இன் சேலம்'. ஆனால் ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகிற ஏற்காடு எக்ஸ்பிரஸ் பற்றிச் சொல்லும்போது 'தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் சேலம்'. அந்த ரயிலுக்கு நம் மாநகராட்சி மொத்தமும் தண்டவாளத்தில் ஒரு புள்ளி. (ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏற்காடு வராது என்பதை உங்கள் விருந்தினர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்களோ!)

உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்வோம், அது ஒன்றே போதும். 'அட் தி லேக்' என்றால் ஏரிப் பக்கம் இருக்கிறார். டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கலாம், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். 'ஆன் தி லேக்' என்றால் தண்ணீரின் மேல், படகில் இருக்கிறார். கட்டடத்தைப் பற்றிச் சொன்னால் அதே 'ஆன் தி லேக்' கரையை ஒட்டி இருக்கிறது என்று பொருள்படும். ஹோட்டல் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 'இன் தி லேக்' என்றால் தண்ணீருக்குள். கணவரைத் தேடி வருகிற அம்மாவிடம் 'யுவர் ஹஸ்பண்ட் இஸ் இன் தி லேக், மேடம்' என்று சொல்லிவிட்டால் அவர் பதறிக்கொண்டு ஓடுவார். 'அலாங் தி லேக்' நடந்தால் கரையோரமாகவே போகிறீர்கள். 'அரவுண்ட் தி லேக்' என்றால் சுற்றி வருகிறீர்கள். 'அக்ராஸ் தி லேக்' என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. இதில் எதையும் உருப்போட வேண்டியதில்லை. ஏரியைக் கண்முன் நிறுத்தி ஆள் எங்கே என்று பார்த்தால் சொல் தானாக வரும்.

மலைப்பாதையும் அப்படித்தான். பாதை ஒரு கோடு, ஆகவே 'ஆன் தி காட் ரோடு'. அதில் ஒரு வளைவு ஒரு புள்ளி, ஆகவே 'அட் தி ஃபிஃப்த் பெண்ட்'. மலைத் தொடர் சுற்றிச் சூழ்ந்தது, ஆகவே 'இன் தி ஹில்ஸ்'. சேலத்திலிருந்து காரில் வருகிறவர் போனில் வழி கேட்டால் இப்படிச் சொல்லலாம்: 'டிரைவ் அப் தி காட் ரோடு, ரவுண்ட் ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ், த்ரூ தி காஃபி எஸ்டேட்ஸ், டு தி லேக்.' இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டோம். ஏறி, சுற்றி, ஊடே புகுந்து, வந்து சேருங்கள் என்று தமிழில் வினைச்சொல்லாக வருவதையெல்லாம் ஆங்கிலம் ப்ரிபொசிஷனில் அடக்கிவிடுகிறது. ஒரே ஒரு 'டிரைவ்' போதுமாக இருக்கிறது.

வண்டிகளில் ஒரு சின்னச் சிக்கல். எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்': ஆன் தி பஸ், ஆன் தி ட்ரெயின். உட்கார்ந்தே போகிற கார், ஆட்டோவுக்கு 'இன்'. மேலே ஏறி உட்காருகிற பைக், குதிரைக்கு மறுபடி 'ஆன்'. 'இன் தி பஸ்' என்பது அப்படியே தப்பும் அல்ல. கைப்பைக்குள் போனை விட்டதுபோல பஸ்ஸுக்குள் குடையை விட்டுவிட்டேன் என்று உள்ளிடத்தை அழுத்திச் சொல்ல வரும். எப்படி வந்தீர்கள் என்று மட்டும் கேட்டால் 'பை பஸ்'. அங்கே 'தி', 'எ' எதுவும் சேர்க்கக்கூடாது.

நேரத்துக்கும் இதே மூன்று. மணி ஒரு புள்ளி: அட் சிக்ஸ். நாள்: ஆன் சண்டே, ஆன் தி டென்த் ஆஃப் மே. அதைவிட நீளமானது: இன் மே, இன் சம்மர். கோடை விழா நேரத்தில் ரூம் கிடைக்குமா என்று கேட்கிறவருக்கு இந்த மூன்றும் போதும். 'இன் தி மார்னிங்' சரி, ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் 'ஆன் சண்டே மார்னிங்'. 'அட் நைட்' மட்டும் ஏன் 'அட்' என்று கேட்டால் மனதுக்கு ஒப்புகிற காரணம் என்னிடம் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி நான்கில் ஒன்று வந்தால் ப்ரிபொசிஷனே வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் சண்டே' என்று எழுதினால் மேனேஜர் சுழிப்பது நியாயம்.

தமிழ் நம்மைக் காப்பாற்றுகிற இடமும் உண்டு, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. 'பை', 'அன்டில்' இரண்டையும் போட்டு வடநாட்டு ஆட்கள்கூடக் குழப்புகிறார்கள். நமக்குக் குழப்பமே இருக்கக்கூடாது. 'பதினோரு மணி வரைக்கும் ரூமில் இருக்கலாம்': அன்டில் லெவன். 'பதினோரு மணிக்குள் காலி செய்யவேண்டும்': பை லெவன். 'வரைக்கும்' என்றால் அன்டில், நேரத்தோடு 'க்குள்' என்றால் பை. அதேபோல 'மூன்று வருஷமாக' என்றால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. '2021லிருந்து' என்றால் 'சின்ஸ்'. 'ஆக' வந்தால் ஃபார், 'இலிருந்து' வந்தால் சின்ஸ். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று நம் ஆட்கள் எழுதுவதுதான் வேடிக்கை, ஏனென்றால் தமிழில் அதே ஆள் 'மூன்று வருஷத்திலிருந்து' என்று சொல்லமாட்டார். வினையையும் கவனியுங்கள்: 'ஐ ஆம் வொர்க்கிங்' இல்லை, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.'

'கு' உருபு 'இல்' அளவுக்கு மோசமில்லை. பத்து மணிக்கு என்றால் அட்; சேலத்துக்கு என்றால் டு; 500 ரூபாய்க்கு என்றால் ஃபார். ஆட்களுக்கு வரும்போதுதான் தடுமாற்றம். பொருள் கைமாறினால் 'டு', அவருக்காகச் செய்தால் 'ஃபார்'. செவ்வாய்ப்பேட்டையில் மகளுக்குக் கொலுசு வாங்கினால் 'ஐ பாட் ஆங்க்லெட்ஸ் ஃபார் மை டாட்டர்'. வீட்டுக்கு வந்து கையில் கொடுத்தால் 'ஐ கேவ் தெம் டு ஹெர்'. வீடு என்றதும் ஞாபகம் வருகிறது, 'கோ ஹோம்' என்பதில் 'டு' கிடையாது. 'ஆல்' உருபில் செய்தவர் யார் என்றால் பை, எதைக் கொண்டு என்றால் வித்: 'தி டோர் வாஸ் ஓபன்ட் பை தி ரூம் பாய் வித் எ ஸ்பேர் கீ.'

இதுவரை சொன்னது படம் போட்டுப் புரிந்துகொள்கிற பாதி. இனி அடுத்த பாதி. 'வெய்ட் ஃபார்', 'லிசன் டு', 'டிபெண்ட் ஆன்', 'கன்சிஸ்ட் ஆஃப்', 'குட் அட்', 'இன்டரெஸ்டெட் இன்', 'மேரீட் டு'. இதற்கெல்லாம் படம் கிடையாது. கேட்பதற்கு ஏன் 'டு', சார்ந்திருப்பதற்கு ஏன் 'ஆன்' என்று ஆராய்ந்தால் லத்தீன், பிரெஞ்சு என்று எங்கோ போய் நிற்கும்; மெயில் எழுத உதவாது. முன்னால் இருக்கிற சொல்தான் தன் ப்ரிபொசிஷனைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே 'டிபெண்ட்' என்று தனியாகப் படிக்காதீர்கள், 'டிபெண்ட் ஆன்' என்று ஒரே சொல்லாகப் படியுங்கள். கற்பவர்களுக்கென்று போடுகிற ஆங்கில அகராதிகளில் வினைக்குப் பக்கத்திலேயே அதன் ப்ரிபொசிஷனைக் கொடுத்திருப்பார்கள். அர்த்தம் தெரிந்த சொல்லுக்கும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இதில் நம் ஊர்த் தப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம்: தேவையில்லாத இடத்தில் ஒன்றைச் சேர்ப்பது. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரீச் டு', 'என்டர் இன்டு தி ரூம்', 'ஆர்டர் ஃபார் டீ', 'ரிக்வெஸ்ட் ஃபார்'. தமிழில் 'பற்றிப் பேசினோம்', 'ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தோம்' என்று உருபோடு வருவதால் கை தானாக ஒன்றைச் சேர்க்கிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கொஞ்சம் நுட்பமானது. இந்தச் சொற்கள் பெயராக வரும்போது ப்ரிபொசிஷன் தேவைப்படும். 'வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் தி மெனு' சரி. 'வி டிஸ்கஸ்ட் தி மெனு' சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்ட்ரா பெட்' சரி. 'தி கெஸ்ட் ரிக்வெஸ்டெட் அன் எக்ஸ்ட்ரா பெட்' சரி. பெயரில் பார்த்துப் பழகியதை வினையிலும் ஒட்டிவிடுகிறோம். 'டிஸ்கஸ் அபவுட்' இந்தியா முழுக்கப் புழங்குகிறது, அதையே இந்திய ஆங்கிலம் என்று ஏற்கலாமே என்று சிலர் வாதாடுவார்கள். பேச்சில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வெளிநாட்டு விருந்தினருக்குப் போகிற மெயிலில் வேண்டாம்.

முகவரி எழுதும்போதும் இது வரும். 'ஆப்போசிட் டு நியூ பஸ் ஸ்டாண்ட்', 'நியர் பை லேக்' என்று விசிட்டிங் கார்டு, பலகை எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்கள். 'ஆப்போசிட் தி நியூ பஸ் ஸ்டாண்ட்', 'நியர் தி லேக்' போதும். 'ஆப்போசிட்' என்றால் சாலைக்கு எதிர்ப்புறம். 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' என்றால் அதே பக்கம், வாசலுக்கு முன்னால். டாக்ஸி பிடிக்க நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

மெயிலில் அடிக்கடி வருகிற இன்னொன்று: ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' சேர்த்துத்தான் வரும். 'தேங்க் யூ ஃபார் சூசிங் அவர் ரிசார்ட்.' 'வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ.' இரண்டாவதில் பலர் 'டு வெல்கம்' என்று எழுதிவிடுவார்கள், காரணம் 'டு' என்றதும் 'டு கோ', 'டு ஈட்' ஞாபகம் வருகிறது. அந்த 'டு' வேறு, இந்த 'டு' வேறு. சோதிக்க ஒரு வழி: அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்' சரியாக உட்காருகிறது என்றால் அது ப்ரிபொசிஷன் 'டு', ஆகவே 'வெல்கமிங்'.

'செக் இன்' என்பதில் உள்ள 'இன்' ப்ரிபொசிஷனா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பின்னால் பெயர் எதுவும் இல்லை, அது 'செக்' என்ற வினையோடு சேர்ந்தது. அதனால்தான் 'செக் இன் அட் தி ரிசப்ஷன்' என்று இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் தப்பில்லை.

கடைசியாக, கேள்வி கேட்கும்போது. 'எந்த ரூமில் தங்கியிருக்கிறீர்கள்?' என்பதில் 'இல்' ரூமோடு ஒட்டிக்கொண்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'விச் ரூம்' முன்னால் ஓடிவிட, 'இன்' கடைசியில் தனியாக நிற்கும்: 'விச் ரூம் ஆர் யூ ஸ்டேயிங் இன்?' நம் ஆட்கள் 'விச் ரூம் யூ ஆர் ஸ்டேயிங்?' என்று அதை விட்டுவிடுவார்கள். 'ஹூ ஆர் யூ வெய்டிங் ஃபார்?' என்பதிலும் அப்படியே. ப்ரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று பழைய ஆசிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். ஜான் டிரைடன் என்ற கவிஞர் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்றைக் குறை சொன்னதை இந்த விதியின் தொடக்கமாகச் சொல்வார்கள். லத்தீனில் அப்படி முடிக்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் பேசும்போது அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. உங்கள் மேனேஜர் அந்தக் காலத்துப் பாடம் படித்தவராக இருந்து கடைசி 'இன்' என்பதைச் சுழித்தால், மெயிலில் மட்டும் 'இன் விச் ரூம்' என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கவுன்ட்டரில் விருந்தினரிடம் அப்படிப் பேசவேண்டாம், கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பதுபோல இருக்கும்.